பதில் மாஸ்டரும் கடைசி முப்பத்தாறு மணித்தியாலமும்

லண்டன் மாநகரத்தில் தன் பெயருக்கு வந்த ஒவ்வொரு கடிதத்துக்கும் பதில் போட்ட மனிதர் ஒரே ஒருவர்தான். அவர் நகரத்தின் தெற்கே மிச்சம் என்ற பகுதியில், ட்ராம் தரிப்பிடத்துக்குப் பின்னால் இருந்த ஒரு வீட்டின் மாடியில், என் அறைக்கு அடுத்த அறையில் குடியிருந்தார். இதை மறுப்பவர்கள் ஆதாரத்தோடு என்னிடம் வரலாம். வரும்போது தண்ணீர்க் கட்டணச் சீட்டு அனுப்புகிற கம்பனிக்கு எழுதிய நன்றிக் கடிதத்தின் பிரதி ஒன்றாவது கையில் இருக்க வேண்டும். மாஸ்டரிடம் பதினொன்று இருந்தன.

அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. அதை அவருடைய பாஸ்போர்ட்டும் பிறகு வந்த கட்சிக்காரர்களும் மட்டுமே பயன்படுத்தினார்கள். எங்களுக்கு அவர் பதில் மாஸ்டர். இலங்கையில் உப தபாலதிபராக இருந்தவர், மிச்சத்தில் ஒரு மூலைக் கடையின் கவுண்டரில் நின்றார். நாடு மாறினாலும் கடிதங்களைப் பற்றிய அவருடைய அபிப்பிராயம் மாறவில்லை. ஒரு மனிதன் மினக்கெட்டு உங்கள் பெயரை எழுதி, முத்திரை ஒட்டி, தபாலில் சேர்த்திருக்கிறான். அதற்குப் பதில் போடாமல் இருப்பது வீடு தேடி வந்தவனை வாசலில் நிறுத்திவிட்டுக் கதவைச் சாத்துவதற்குச் சமம் என்பார்.

ஆகவே அவர் எல்லாவற்றுக்கும் பதில் போட்டார். பீட்சாக் கடைக்காரன் கதவிடுக்கில் தள்ளிவிட்டுப் போன விலைப்பட்டியலுக்கு, "தங்கள் பட்டியல் கிடைக்கப்பெற்றேன். வெள்ளிக்கிழமைகளில் நான் சைவம். ஏனைய நாட்களைப் பற்றி யோசித்து அறியத்தருவேன்" என்று ஆங்கிலத்தில் எழுதினார். அந்தக் கடை அதைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டுச் சுவரில் மாட்டியது. 'வீட்டில் வசிப்பவருக்கு' என்று வந்த கடிதத்தை எடுத்துக்கொண்டு ஐந்து அறைகளுக்கும் போய் எல்லோரிடமும் காட்டிவிட்டு, "வசிப்பவர்கள் ஐவரும் நலம்" என்று பதில் அனுப்பினார். கடனட்டை வேண்டுமா என்று கேட்ட ஒரு வங்கிக்கு மரியாதையாக வேண்டாமென்று எழுத, வங்கி மறுபடி கேட்க, இவர் மறுபடி எழுத, அந்தக் கடிதப் போக்குவரத்து எட்டு மாதம் ஓடியது. கடைசியில் வங்கிதான் களைத்துப் போய் நிறுத்தியது.

இனி இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டுக்கு வருகிறேன். அந்த வருடத்தின் முதற்பாதியைப் பற்றி இங்கே நான் விரித்து எழுதப் போவதில்லை. அந்த மாதங்களில் எங்கள் வீட்டில் தொலைபேசி அடித்தால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்போம், எடுக்க யாருக்கும் கை வராது. 'எல்லாம் முடிஞ்சுது' என்ற சொல்லை நாங்கள் யாரும் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அது தெரிந்தால்தான், அதே வருடம் இலையுதிர் காலத்தில் வந்த ஒரு மின்னஞ்சலை மாஸ்டர் எப்படி வாசித்தார் என்பது உங்களுக்கு விளங்கும்.

செப்டம்பரில் கடைக்கு ஒரு பெண்மணி அட்டையும் பேனாவுமாக வந்து, பஸ் தரிப்பிடத்துக்குக் கூரை போடச் சொல்லிக் கவுன்சிலுக்கு மனுக் கொடுக்கிறோம், கையெழுத்து வைப்பீர்களா என்று கேட்டிருக்கிறார். அவர் ஒரு கட்சிக்காரர். மாஸ்டர் பெயர், விலாசம், தபாற்குறி எல்லாவற்றையும் முத்து முத்தாக எழுதினார். நான் ஒரு மாதத்துக்கு முன் திறந்துகொடுத்திருந்த மின்னஞ்சல் விலாசத்தையும் பெருமையாக எழுதிவைத்தார். எந்தக் கட்சி என்று நான் சொல்லமாட்டேன். எல்லாக் கட்சிகளும் ஒரே கடிதத்தைத்தான் எழுதுகின்றன, நிறம்தான் வேறு.

அவரிடம் கணினி இல்லை. காலை ஆறரைக்கு, ஷிப்டுக்குப் போகுமுன், என் கதவைத் தட்டி "தம்பி, தபால் வந்திட்டுதோ?" என்று கேட்பார். நான் ஜெர்மனியிலிருந்து வந்து சேர்ந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஒரு சாமான் களஞ்சியத்தில் வேலை. ஆறரை மணிக்குக் கண்ணே திறக்காது. ஒருநாள் அவரே மடிக்கணினியைத் திறந்து வாசித்துவிட்டு என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"தம்பி, எழும்பும். இந்த மனுசன் பெரிய கரைச்சலில நிக்குது."

"ஆர் மாஸ்டர்?"

"கட்சித் தலைவர். என்ர பேரைப் போட்டு எழுதியிருக்கிறார். பாரும்."

பார்த்தேன். 'உங்களுக்குத் தனிப்பட எழுதுகிறேன். நிலைமை படுமோசம். இன்னும் முப்பத்தாறு மணித்தியாலம்தான் இருக்கிறது. நீங்கள் இப்போது கைகொடுக்காவிட்டால் நாம் கட்டியெழுப்பிய அத்தனையும் முடிந்துவிடும்.' கீழே தலைவர் வெறும் முதற்பெயரை மட்டும் போட்டு, பள்ளிக்கூடச் சிநேகிதன் மாதிரிக் கையெழுத்திட்டிருந்தார். அதற்கும் கீழே ஒரு பெரிய பொத்தான், அதை அமத்தினால் காசு போகும்.

இது ஊருக்கெல்லாம் போகிற கடிதம், கணினி பெயரை நிரப்பி அனுப்புகிறது என்று அந்த நிமிடமே நான் சொல்லியிருக்கலாம். ஆனால் தூக்கம். அதோடு அவர் முகத்தில் இருந்த கவலை உண்மையானது. சொல்ல வாய் வரவில்லை. இரண்டு நாளில் அடங்கிவிடும் என்று நினைத்தேன்.

மாஸ்டர் அங்கேயே குந்தியிருந்து பதில் எழுதினார். "தங்கள் கடிதம் கிடைத்தது. நிலைமை அறிந்து மிகவும் கவலையடைந்தேன். தாங்களும் குடும்பத்தாரும் சுகமா? நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா? என்ன நடந்தது என்பதை விபரமாக எழுதவும்." அனுப்பி ஒரு நிமிடத்துக்குள், 'உங்கள் செய்தி எங்களுக்கு மிக முக்கியமானது' என்று தானியங்கிப் பதில் வந்து விழுந்தது. மாஸ்டர் நெகிழ்ந்துபோனார்.

"ஒரு நிமிசம் தம்பி! தந்திகூட இவ்வளவு கெதியா வராது. மனுசன் கடிதத்துக்கு முன்னாலயே காவல் இருந்திருக்குது."

முப்பத்தாறு மணித்தியாலம் கழிந்தது. மாஸ்டர் கடையில் ரேடியோவைப் போட்டுக் காதை அதிலேயே வைத்திருந்தார். நாடு நின்ற இடத்தில் நின்றது. அடுத்த நாள் இருபத்துநாலு மணித்தியாலம் என்று இன்னொரு கடிதம். அதற்கடுத்து தலைவரின் மனைவி எழுதினார். பிறகு பொருளாளர் எழுதினார். பிறகு கட்சியில் வெகுகாலம் இருந்த ஒரு கிழவர், இப்படியொரு ஆபத்தைத் தன் வாழ்நாளில் கண்டதில்லை என்று எழுதினார்.

"வீட்டில எல்லாரும் மாறிமாறி எழுதுகினம்," என்றார் மாஸ்டர். "தலைவருக்கு ஏலாமப் போச்சுதுபோல."

தலைப்புகள் நாளுக்கு நாள் ஏறின. 'மிகவும் ஏமாற்றமடைந்தோம்.' 'எல்லாம் முடிந்தது?' ஒரு திங்கட்கிழமை, 'ஏன் மௌனமாக இருக்கிறீர்கள்?' என்று வந்தது. அன்றுதான் மாஸ்டருக்குக் கோபம் வந்து பார்த்தேன். "நான் மௌனமோ? ஏழு கடிதம் போட்டனான்! ஒவ்வொண்டுக்கும் பிரதி இருக்கு!" என்று கோப்பைத் தூக்கிக் காட்டினார். தலைவரின் கடிதங்களை என் களஞ்சியத்தில் அச்சடித்துக் கொண்டுவந்து கொடுத்ததும் நான்தான். அவை நீலக் கோப்பில், திகதி வரிசையில் இருந்தன.

கீழ் அறையில் பாலாஜி என்றொரு சென்னைக்காரர், கம்ப்யூட்டர் வேலை செய்பவர், இருந்தார். அவர் அன்றைக்குத் தோசை சுட்டுக்கொண்டே, "மாஸ்டர் சார், எங்க ஊர்ல எலெக்சன் வந்தா ஆட்டோல மைக்க கட்டிக்கிட்டு தெருத்தெருவா கத்துவாங்க. இங்க அதையே மெயில்ல கத்துறாங்க. அவ்ளோதான் சார். இதெல்லாம் வந்து ஒரு டெம்ப்ளே…" என்று தொடங்கினார். நான் அவர் காலை மிதித்தேன். தோசை கருகியது, சொல் நின்றது.

ஏன் மிதித்தேன் என்றால், எனக்கு அப்போது ஒரே பயம் அதுதான். அந்த வருடம் முழுக்க எங்களில் பலர் கவுன்சிலர், எம்.பி. என்று எத்தனையோ பேருக்குக் கடிதம் எழுதிக் களைத்திருந்தோம். வந்த பதில்கள் எல்லாம் இரண்டு வரி. இப்போது முதல்முறையாக ஒரு பெரிய மனிதர் மாஸ்டரின் பெயரைச் சொல்லி, நீ இல்லாமல் முடியாது என்று எழுதியிருக்கிறார். மாஸ்டர் சட்டையைக் கூட இப்போதெல்லாம் இஸ்திரிப் பெட்டியால் மினுக்கி உடுத்தித்தான் கடைக்குப் போனார். அந்த மனிதரிடம் போய், அங்கே உம்மை ஒருவருக்கும் தெரியாது என்று எப்படிச் சொல்வது?

கடைசியில் 'வெறும் மூன்று பவுண் போதும், எங்களைக் காப்பாற்றும்' என்று ஒரு கடிதம் வந்தது. மாஸ்டர் அப்படியே கதிரையில் இருந்துவிட்டார்.

"மூண்டு பவுணுக்குத் தவிக்கினம் தம்பி. அந்த நிலைமை."

"அனுப்பிவிடுவமோ மாஸ்டர்?" என்றேன். மூன்று பவுணோடு இது முடிந்தால் நல்லதுதானே.

"உமக்கு விசரோ? கஷ்டப்பட்ட வீட்டுக்குக் காசை நீட்டுறதோ? ஆக்கள் நேர போகவேணும். அங்க அடுப்பு மூட்டியிருக்கமாட்டினம். சாப்பாடு கொண்டு போவம்."

நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். செத்தவீட்டில் அடுப்பு எரிவதில்லை, சுற்றம்தான் சமைத்துக் கொண்டுபோக வேண்டும். அப்படியானால் இது எந்த வகைக் கஷ்டம்? ஆஸ்பத்திரிக் கஷ்டம் என்றால் மீன், இறைச்சி என்று மச்சம் கொண்டுபோகலாம், செத்தவீடு என்றால் சைவம். இதில் மாஸ்டருக்கும் எனக்கும் அரை மணித்தியாலம் விவாதம் நடந்தது. அவர் கோப்பைத் திறந்து கடிதங்களைத் திரும்ப வாசித்தார். "'முடிந்தது' எண்டு போட்டு ஒரு கேள்விக்குறியும் போட்டிருக்கினம். இன்னும் இழுத்துக்கொண்டு கிடக்குது. எதுக்கும் சைவமாவே கொண்டு போவம்" என்று தீர்ப்புச் சொன்னார்.

சனிக்கிழமை காலை இடியப்பம், சொதி, கத்தரிக்காய்க் கறி, தேங்காய்ச் சம்பல் எல்லாம் தயார். மாஸ்டர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டார். கடிதத்தின் அடியில் பகுதிக் கிளையின் விலாசம் இருந்தது. இரண்டு ட்ராம் தரிப்பிடம் தள்ளி, ஒரு சலவைக் கடைக்கு மேல். வாசலில் கூட்டம் இருக்கும், கார்கள் நிற்கும், நாங்கள் ஓரமாக நிற்கலாம் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

கூட்டம் இல்லை. படியேறிப் போனால், ஒரு அறையில் சூடாக்கி வேலை செய்யாமல் கோட்டோடு உட்கார்ந்திருந்த ஒரு வெள்ளைக்கார அம்மா மட்டும். எழுபது வயது இருக்கும். மிஸஸ் ஹார்ட்லி என்று பெயர். கூரைக்கு மனு வாங்க வந்தவரும் அவரேதான். சுவரோரம் தலையுயரத்துக்கு அட்டைப் பெட்டிகள்.

மாஸ்டர் போய் அவருடைய இரண்டு கைகளையும் பிடித்தார். ஒன்றும் பேசாமல் எதிர்க் கதிரையில் இருந்து நிலத்தைப் பார்த்தார். செத்தவீட்டில் அப்படித்தான் இருக்க வேண்டும். மிஸஸ் ஹார்ட்லி என்னைப் பார்த்தார். நான் இடியப்பத்தைப் பார்த்தேன்.

"போட்டோகொப்பி மெசின் திருத்த வந்தீர்களா?" என்று மெதுவாகக் கேட்டார்.

மாஸ்டரின் ஆங்கிலம் முழுக்கத் தபால் திணைக்களத்து ஆங்கிலம். "அம்மணி, தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றேன். ஆகவே நேரில் வந்துள்ளேன்" என்றார்.

"எந்தக் கடிதம்?"

நீலக் கோப்பு மேசைக்கு வந்தது. மிஸஸ் ஹார்ட்லி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் புரட்டினார். "ஓ… இது எனக்கும் வருகிறது. நான் வாசிக்காமலே…" என்று தொடங்கியவர், மாஸ்டரின் வெள்ளைச் சட்டையையும் சாப்பாட்டுப் பாத்திரங்களையும் பார்த்துவிட்டு அந்த வசனத்தை அங்கேயே விட்டுவிட்டார். "வந்ததற்கு மிகவும் நன்றி" என்றார். அந்த ஒரு காரியத்துக்காக அந்த அம்மாவை எனக்கு இன்றைக்கும் பிடிக்கும்.

இடியப்பத்தை முள்ளுக்கரண்டியால் பிடிக்க அவர் பட்ட பாட்டை நான் எழுதவில்லை. சாப்பிட்டுக்கொண்டே அவர் சொன்னதுதான் முக்கியம். எங்கள் வட்டாரத்துக்கு மூன்று கிழமையில் கவுன்சில் இடைத்தேர்தல். வேட்பாளர் அவர்தான். நோட்டீசுகள் விலாசமிட்ட உறைகளில் தலைமையகத்திலிருந்து வந்து பெட்டி பெட்டியாகக் கிடக்கின்றன, வீடு வீடாகப் போட ஆளில்லை. அவருக்கோ முழங்கால் நோவு. இந்த முறையும் கடைசி இடம் வந்தால் கிளையை மூடிவிடுவார்களாம். வானம் இடிந்து விழுகிறது என்று ஏழெட்டுக் கடிதம் எழுதியவர்கள், இந்த அறையைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை.

மாஸ்டர் எழும்பிப் போய் ஒரு பெட்டியைத் திறந்தார். தெருவும் இலக்கமும் கலந்து கிடந்த உறைகளை அள்ளிப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

"தம்பி, விலாசம் எழுதின தபாலை இப்பிடிப் போட்டு வைக்கிறதோ? கோட்டைக் கழட்டும்."

அன்று மாலைக்குள் அந்த அறை ஒரு தபாற்கந்தோராக மாறிவிட்டது. தெரு வாரியாக, ஒற்றை இலக்கம் ஒரு பக்கம், இரட்டை இலக்கம் ஒரு பக்கம், நடக்கிற ஒழுங்கில் கட்டுகள். பெட்டிகளின் நாடாவால் கட்டு, மேலே துண்டுச் சீட்டு: 'இலக்கம் இருபத்துமூன்று, நாய். இலக்கம் நாற்பது, படி வழுக்கும்.' அடுத்த மூன்று கிழமையும் ஷிப்ட் முடிந்து மாஸ்டர் மழையில் நடந்தார். நானும் நடந்தேன். பாலாஜியும் நடந்தார். "எனக்கு இந்த நாட்டுல ஓட்டு இருக்கான்னே தெரியல சார், ஆனா லெட்டர் போடுறேன்" என்று புலம்பிக்கொண்டு நடந்தார்.

மாஸ்டரின் சட்டம் கடுமையானது. உறையைக் கதவில் பாதி வெளியே தொங்கவிடக்கூடாது, முழுதாக உள்ளே போய் விழுகிற சத்தம் கேட்க வேண்டும். 'விளம்பரத் தாள்கள் வேண்டாம்' என்று ஒட்டியிருந்த வீடுகளுக்கு நோட்டீஸ் போடவில்லை. அதற்குப் பதிலாக, "தங்கள் அறிவித்தலைக் கண்டேன். ஆகவே போடவில்லை" என்று கையால் எழுதிப் போட்டார். அந்த வீட்டுக்காரர்களில் இரண்டு பேர் கிளைக்கு வந்து, நோட்டீசைத் தாருங்கள், அப்படி என்னதான் இருக்கிறது பார்ப்போம் என்று வாங்கிக்கொண்டு போனார்கள்.

தேர்தலுக்கு முந்திய சனிக்கிழமை தலைமையகத்திலிருந்து ஒருவர் வந்தார். கழுத்தில் அட்டை, கையில் இரண்டு போன். வெறுமையாகிக் கிடந்த பெட்டிகளைப் பார்த்து, எந்தக் கம்பனியைப் பிடித்தீர்கள் என்று மிஸஸ் ஹார்ட்லியிடம் கேட்டார். அவர் மாஸ்டரைக் காட்டினார். வந்தவர் கைகுலுக்கி, எப்படிச் சேர்ந்தீர்கள் என்று கேட்க, மாஸ்டர் நீலக் கோப்பைத் திறந்து கொடுத்தார்.

வந்தவர் இரண்டு பக்கம் புரட்டினார். பிறகு சிரித்தார். கெட்ட சிரிப்பில்லை, பாவம், தெரியாமல் சிரித்துவிட்டார்.

"சேர், இதை ஒருவரும் எழுதுவதில்லை. அதாவது, நான்தான் எழுதினேன். முப்பத்தாறு மணித்தியாலம் என்று போட்டால் கூடப் பேர் திறக்கிறார்கள். பெயரைக் கணினி போட்டுவிடும். பட்டியலில் இருக்கிற எல்லோருக்கும் போகும். நீங்கள் போட்ட பதில்… அது ஒரு பெட்டிக்குள் போகும். அதை யாரும் பார்ப்பதில்லை."

மிஸஸ் ஹார்ட்லி கண்களை மூடிக்கொண்டார். பாலாஜி என் காலைத் தேடினார், இந்த முறை மிதித்து என்ன பயன்? மாஸ்டர் கோப்பைத் திரும்ப வாங்கி, கடிதங்களின் ஓரத்தைத் தட்டி நேராக்கினார்.

"எத்தனை பேருக்குப் போனது?" என்று அதே தபால் ஆங்கிலத்தில் கேட்டார்.

"லட்சக்கணக்கில், சேர்."

"நேரில் வந்தவர்கள்?"

வந்தவர் அறையைச் சுற்றிப் பார்த்தார். எங்கள் மூன்று பேரையும் பார்த்தார். பிறகு மாஸ்டரைப் பார்த்து, "நீங்கள்தான்" என்றார்.

"அப்படியென்றால் கடிதம் சரியான விலாசத்துக்குத்தான் வந்திருக்கிறது" என்றார் மாஸ்டர். கோப்பை மேசையில் வைத்தார். பையைத் தோளில் போட்டுக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பி, "எழும்புங்கோ, இன்னும் ரெண்டு தெரு கிடக்குது" என்றார்.

சொல்லவே பெருமையாக இருக்கிறது. அந்தக் கழுத்தட்டைக்காரர் போன்கள் இரண்டையும் கோட்டுப் பையில் போட்டுவிட்டு எங்களோடு வந்தார். இரட்டை இலக்கப் பக்கம் அவருக்கு. உறையைப் பாதி தொங்கவிட்டதற்கு மாஸ்டரிடம் இரண்டு தரம் பேச்சும் வாங்கினார்.

திரும்பி வரும்போது ட்ராமில் மாஸ்டர் என்னிடம் கேட்டார். "உமக்கு முதலே தெரியும், என்ன?"

"ஓம் மாஸ்டர். சொல்லியிருக்கவேணும். மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"சொல்லியிருந்தா நான் போயிருக்கமாட்டன். அந்த மனுசி அந்தக் குளிருக்க தனிய இருந்திருக்கும்" என்றார்.

மிஸஸ் ஹார்ட்லி தோற்றார். ஆனால் கடைசியாக வரவில்லை, இரண்டாவதாக வந்தார். கிளையை மூடுகிற கதை அத்தோடு நின்றது. அவர் மாஸ்டருக்குக் கையால் ஒரு நன்றிக் கடிதம் எழுதினார். அந்தக் கட்சியிலிருந்து மாஸ்டருக்கு வந்த முதல் உண்மையான கடிதம் அதுதான். பதில் போனதா என்று கேட்காதீர்கள். இடியப்பத்தோடு போனது.

நான் பிறகு கல்யாணம் கட்டி இல்ஃபோர்ட்டுக்கு வந்துவிட்டேன். இப்போது என் பெட்டியிலும் நாளுக்குப் பத்து அவசரம் வந்து விழுகிறது. எல்லாக் கட்சிக்கும் இன்றிரவோடு உலகம் முடிகிறது. ஒவ்வொன்றையும் அழிக்க எனக்கு ஒரு விநாடி போதும்.

போன மாதம் தபாலில் ஒரு நீல உறை வந்தது. முத்து முத்தான எழுத்து. 'தம்பி, சுகமா? பிள்ளைகள் சுகமா? உம்மிடமிருந்து கடிதம் வந்து கனகாலம். அவசரம் ஒன்றுமில்லை. ஆறுதலாகப் பதில் போடவும்.' என்னிடம் அவசரமில்லை என்று எழுதுகிற மனிதர் இந்த ஊரில் அவர் ஒருவர்தான். அதனால்தானோ என்னவோ, அந்த உறை மூன்று கிழமையாக என் மேசையில் கிடக்கிறது. இதை எழுதும்போதும் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறது.

மாஸ்டர், கடிதம் கிடைச்சது. ஞாயிற்றுக்கிழமை நேர வாறன். சமைக்காதேங்கோ, சாப்பாடு நான் கொண்டுவாறன்.